அப்பா போட மறுத்த கையெழுத்து

பயிற்சி முடிந்து ராணுவ மருத்துவராக எனக்கு முதல் பணியிடம் அசாமில் என்று உத்தரவு வந்தபோது, ராயபுரம் வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான் இருந்தோம். அம்மா இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா காசிமேட்டில் மீன் பிடிப்பவர். மூட்டுவலி வந்த பிறகு தினமும் கடலுக்குப் போவதில்லை. ஆனால் ஒரு பைபர் படகில் பங்கு இருந்தது. வலை பின்னிக் கொடுப்பார், ஆள் குறைந்தால் படகிலும் ஏறுவார். மாடிப்படி ஏறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதை ஊருக்கு வந்த அன்றே கவனித்தேன். டெஸ்ட் எடுக்கலாம் என்றேன்.

"வயசானா மூச்சு வாங்காதா?" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

அவரைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. முதல் பணியிடத்துக்குப் போகிறவருக்கு ராணுவம் பயணப்படி தரும். என் ரயில் டிக்கெட், சாமான் லாரி வாடகை, என்னை நம்பியிருக்கும் குடும்பத்தாரின் டிக்கெட் எல்லாம் அதில் அடக்கம். அப்பாவை அந்தக் குடும்பக் கணக்கில் சேர்த்துவிட்டால் ராணுவ ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியமும் கிடைக்கும். அதற்கு அவர் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். தன் வருமானம் அரசு சொல்லும் வரம்புக்குக் கீழே இருக்கிறது, மகளைச் சார்ந்து வாழ்கிறேன் என்று. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன்.

"சார்ந்துன்னா இன்னா?" என்று கேட்டார்.

"என் சம்பாத்தியத்துல நீ கீறேன்னு அர்த்தம் நைனா."

"யாரு, நானா?" வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "உன்ன டாக்டருக்குப் படிக்க வச்சவன் நானு. இன்னிக்கும் என் சோத்த நான்தான் துன்றேன். என்னப் பிச்சக்காரன்னு எழுதிகினு வந்துகீறியா?"

"அப்பிடி எங்க எழுதிகீது? இதெல்லாம் ஆபீஸ் பாஷை."

"எந்தப் பாஷையா இருந்தாலும் நான் போடமாட்டேன். நீ போய்ட்டு வா."

அதற்குப் பிறகு நாங்கள் சாப்பாட்டுக்கு மட்டும்தான் பேசிக்கொண்டோம். பக்கத்துத் தெருவிலிருந்த அத்தை வந்து சமாதானம் பேசிப் பார்த்தாள். பலனில்லை.

ரயிலுக்கு முந்தின நாள் மதியம் சாமான்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். கட்டில், புத்தகப் பெட்டிகள், கிரைண்டர், அம்மாவின் தையல் மெஷின். மணலி பக்கம் ஒரு லாரி செட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால், அங்கிருந்து அசாம் போகும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். அப்பா வந்து கயிறு கட்டினார். மற்றவர் போட்ட முடிச்சை அவர் நம்பமாட்டார். கட்டி முடித்துவிட்டு, என்னைக் கேட்காமலே டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்திலும் லாரி. டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "துறைமுகத்துல கேட்டை சாத்திட்டானுங்க போல. இப்போதிக்கு நகராது," என்றார். வெயில் தகரக் கூரையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆறு மணிக்குள் போகாவிட்டால் அசாம் லாரி கிளம்பிவிடும். அந்தக் கவலையில் நான் மறுபடியும் பேச்சை எடுத்தேன்.

"நாளைக்கு நான் போய்டுவேன். உனக்கு ஒண்ணு ஆனா யாரு ஓடியாருவா?"

"எனக்கு இன்னா ஆவப்போவுது? சும்மா தொணதொணங்காத."

பிறகு பேச்சே இல்லை. கோபம் என்றுதான் நினைத்தேன். வண்டிக்குள் மூன்று பேருக்கும் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது, அதனால் அப்பாவின் வியர்வையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் இடது தோளைப் பிசைந்தபோதுதான் திரும்பினேன். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. நெற்றியைத் தொட்டேன். அந்த வெயிலில் ஜில்லென்று இருந்தது.

"நைனா, நெஞ்சு வலிக்குதா?"

"கல்லு வச்ச மாறி கீது."

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எந்த இடம் என்று சொன்னேன். வண்டி வரும், ஆனால் அந்த ரோட்டில் நேரமாகும் என்றார்கள். என் மருந்துப் பை பின்னால், கட்டிலுக்கும் புத்தகப் பெட்டிகளுக்கும் அடியில் இருந்தது. இறங்கி ஓடிப்போய் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். கடல்காரன் போட்ட முடிச்சு, அசையவில்லை. டிரைவரிடம் கத்தி வாங்கினேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "அறுக்காத... புதுக் கயிறுமே அது."

அறுத்தேன். பெட்டிகளை ரோட்டில் தள்ளினேன். பையிலிருந்து ஆஸ்பிரினை எடுத்து அவரை மென்று விழுங்க வைத்தேன். நாடி பிடித்தேன். எத்தனையோ பேருக்கு நாடி பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எண்ணிக்கை பாதியிலேயே தவறிப்போய், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

லாரிகளின் சந்துக்குள் நுழைந்து ஸ்கூட்டரில் ஒரு அம்மா வந்தார். எண்ணூர் பக்கம் கம்பெனி வேலை முடித்துவிட்டு வருகிறவர் போல, தோளில் டிபன் பை. ரோட்டில் சிதறிய புத்தகங்களைப் பார்த்து நிறுத்தினார்.

"இன்னாச்சு?"

"அப்பாவுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

அவர் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. "நடுவுல உக்கார வை. நீ பின்னால கெட்டியாப் புடிச்சிக்கோ," என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். டிரைவர் என்னைப் பார்த்து, "சாமான நான் பாத்துக்கிறேன், நீ கெளம்புமா," என்றார்.

கண்டெய்னர் சக்கரங்கள் என் முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. சில இடங்களில் ஸ்கூட்டர் கண்ணாடி லாரியில் உரசியது. அப்பாவின் தலை அந்த அம்மாவின் முதுகில் சாய்ந்திருந்தது. இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிக்கொண்டு, நெஞ்சில் உள்ளங்கையை வைத்தபடி வந்தேன். துடிப்பு தெரிந்தால் போதும் என்றிருந்தது. ஒரு இடத்தில் முன்னால் முழுதாக அடைத்துக்கொண்டது. அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஒரு லாரிக்காரர் வண்டியைப் பின்னுக்கு எடுத்து வழிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ரத்தக்குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். மாரடைப்பு என்று டாக்டர் சொன்னபோது நானும் டாக்டர் என்பதே மறந்துவிட்டது. "பொழச்சிடுவாரா சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த அம்மாவைக் காணோம்.

குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. வார்டு வாசலில் நின்று என் யூனிட் அதிகாரிக்குப் போன் செய்தேன். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரிச் சான்றிதழோடு விண்ணப்பம் அனுப்பு, அப்பாவை முதலில் கவனி என்றார். சாமான்கள் மட்டும் எனக்கு முன்னால் அசாம் போய்ச் சேர்ந்தன. டிரைவர் சொன்னபடி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டிருந்தார்.

அப்பாவை அத்தை வீட்டில் விட்டுவிட்டு நான் கிளம்ப வேண்டிய காலையில், அவரே பேச்சை எடுத்தார்.

"அந்தப் பேப்பரக் குடு."

"வேணாம் நைனா. இப்போ ஒண்ணும் வேணாம்."

"வைத்தியத்துக்குன்னா போடுறேன். ரயில் டிக்கெட்டு நான் எடுத்துக்குவேன். அத உன் ஆர்மிகிட்ட கேக்கக் கூடாது."

இரண்டுக்கும் ஒரே கையெழுத்துதான் என்று விளக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். அவர் தன் பெயரை எழுதினார்.

சொன்னபடியே, உடம்பு தேறியதும் அத்தையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தன் காசில் டிக்கெட் எடுத்து அசாமுக்கு வந்தார். பயணப்படி கேட்டு நான் கொடுத்த கணக்கில் அவர் பயணத்தைச் சேர்க்கவில்லை. அப்பா டிக்கெட்டுக்கும் உண்டே மேடம், ஏன் விட்டீர்கள் என்று ஆபீஸில் கேட்டார்கள். மறந்துவிட்டது என்றேன். குளிர்காலம் முழுக்க என்னோடு இருந்தார். மாத்திரைகளை ஒழுங்காகப் போட்டார். பிறகு, கடல் காற்று இல்லாமல் தூக்கம் வரவில்லை என்று ராயபுரத்துக்கே திரும்பிவிட்டார்.

கடலுக்குப் போகக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. தினமும் போன் செய்கிறேன். போன வாரம் பேசும்போது பின்னால் படகு எஞ்சின் சத்தம் கேட்டது.

"எங்க கீற?" என்றேன்.

"கரையிலதான்," என்றார். சத்தம் நிற்கவில்லை. நானும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.