மூடி போட்ட ரொட்டி

சதுர ரொட்டி எங்கே பிறந்தது என்று எங்கள் பேக்கரியில் அடிக்கடி வாய்ச்சண்டை நடக்கும். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் வாடிக்கையாளர் ஒருவர் பாரீஸ் என்று சாதிப்பார். அடுக்கினால் இடம் அடைக்காது என்று ரயில் சமையல்காரர்கள் கண்டுபிடித்தது என்பார் என் கணவர். என்னைக் கேட்டால், அது ரெட்டியார்பாளையத்தில், எங்கள் அடுப்பில்தான் பிறந்தது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு வருஷம். கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்று சாண்ட்விச்சுக்கு நாலு பக்கமும் சமமான ரொட்டி கேட்டது. பேக்கரிகளுக்குத் தட்டு அடித்துத் தரும் பாய் ஒருவர், இழுத்து மூடுகிற மூடியோடு நீளமான டின் செய்து கொடுத்தார். பொங்கும் மாவை மூடி அமுக்கிவிடும். சதுரம் வருவது அதனால்தான்.

எங்களுக்கோ ஒரு பக்கம் மாட்டுத் திமில் மாதிரி வந்தது. தொடர்ந்து மூன்று நாள் அதே கதை.

“மூடியைக் கோணலா அடிச்சிட்டு வேலை தெரியும்னு சொல்றீங்களா பாய்? எல்லா பேக்கரியிலயும் சொல்லப் போறேன்” என்று என் கணவர் தெருவில் நின்று கத்தினார். பெயர் கெட்டால் பாய்க்குப் பிழைப்பே இல்லை.

குற்றவாளி நான். சோறு வடிக்கிறவளுக்கு மூடியைத் திறந்து பார்க்காமல் இருப்புக்கொள்ளுமா? யாரும் இல்லாதபோது அடுப்பில் வேகிற டின்னை முன்னால் இழுத்து, மூடியை விரலளவு தள்ளி எட்டிப் பார்ப்பேன். அந்த இடுக்கில் மாவு பிதுங்கிவிடும். மூன்றாம் நாள் எனக்கே விளங்கிவிட்டது. கணவரின் கோபத்துக்குப் பயந்து வாயை மட்டும் திறக்கவில்லை.

மறுநாள் காலை பாய் வெறுங்கையோடு வந்தார். “என் எதிர்லயே வேவட்டும்மா” என்று அடுப்புக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். பழக்கதோஷத்தில் நான் இரண்டு தரம் கிட்டே போனேன். அவர் என் விரல் நுனிக் கொப்புளங்களைப் பார்த்தார். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன்.

ரொட்டி நாலு பக்கமும் சமமாக, செங்கல் கணக்காக வந்தது. அப்போதுதான் உள்ளே வந்த கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூடியில கொஞ்சம் பிசகு இருந்துச்சு. இப்பதான் தட்டி எடுத்தேன்” என்றார் பாய். அவரிடம் சுத்தியலே இல்லை.

அவர் படியிறங்கிப் போனார். “டின்னுல ஒண்ணுமே இல்லைங்க. நான்தான் தொறந்து தொறந்து பாத்தேன்” என்றேன்.

 கணவர் செருப்புகூடப் போடாமல், “பாய், நில்லுங்க” என்று ஓடினார். முந்தின நாள் கத்தின அதே தெருவில், அத்தனை பேர் பார்க்க, பாயுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.