டோல்கேட்டுக்கு வைத்த மஞ்சள்

'வாசல்' என்று தலைப்புக் கொடுத்தால் உலகத்தில் யாராவது டோல்கேட்டைத் தைப்பார்களா? என் அத்தை தைத்தாள்.

அத்தை என் அப்பாவின் தங்கை. மாமா இறந்தபின் விழுப்புரத்து வீட்டைக் காலி செய்துவிட்டு, தையல் மெஷினோடு திண்டிவனத்தில் எங்களோடு வந்து இருந்தாள். நான் அப்போது நான்காம் வகுப்பு. தெருப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பதும், இறுக்கிப் பிடிக்கிறது என்று திருப்பிக்கொண்டு வருகிறவர்களிடம் அவர்களுக்கு உடம்பு போட்டுவிட்டதை நோகாமல் சொல்வதுமாக அத்தைக்குப் பொழுது போனது. தனக்கென்று அவள் எதையும் தைத்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் செல்போனில் ஒரு குவில்ட் குழுவில் சேர்ந்தாள். துண்டுத்துணிகளைப் படம்போல அடுக்கி, நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்துச் சுவரில் மாட்டுவார்களாம். போர்வையைப் போய்ச் சுவரில் மாட்டுவதா என்று அப்பா சிரித்தார். அத்தை காதில் போட்டுக்கொள்ளவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு போட்டி வைத்தார்கள். தலைப்பு, வாசல். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்குள் தைத்ததைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும்.

நான் கதவையும் கோலத்தையும் மாவிலைத் தோரணத்தையும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தையோ சாம்பல் நிற பேண்ட் துணியில் நீளமாக ஒரு ரோட்டை வெட்டினாள். பிறகு வந்தது விக்கிரவாண்டி டோல்கேட். சிவப்பும் வெள்ளையுமான கட்டை மேலே தூக்கியிருக்க, அதன் அடியில் ஒரு பஸ். பஸ்ஸின் ஜன்னலில் பொட்டளவுக்கு ஒரு தலை.

ஏன் டோல்கேட் என்று கேட்டேன்.

"விழுப்புரத்துலேர்ந்து இங்க வரசொல்ல பாத்துக்கினே வந்தேன். கட்டைய தூக்குனாங்க, பஸ்ஸு போச்சு. அவ்ளோதான்," என்றாள்.

இதை வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஆனாலும் மூன்று வாரம் அத்தை அதன்மேலேயே குனிந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். சாப்பிடும்போதுகூட அதைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. அவள் தோற்றுவிடக் கூடாது என்று எனக்கு ரொம்ப ஆசையாக இருந்தது. படம்தான் இப்படி, ராசியாவது கூட இருக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தை தலைக்குக் குளிக்கப் போனாள். குளித்துவிட்டு வந்து மாடியில் நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பதாக ஏற்பாடு. நான் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்தேன். புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்தியதில்லை. குவில்ட்டைச் சுற்றிலும் வெள்ளைத் துணியில் கரை கட்டியிருந்தது. அதன் கீழ்மூலையில் வைத்தேன். எனக்குத் தாராள மனசு. கட்டைவிரல் முழுசும் பதிந்துவிட்டது.

அம்மாதான் முதலில் பார்த்தாள். என் முதுகில் ஒன்று வைத்தாள்.

"அவ துணியில போய் மஞ்சள வச்சிருக்கியேடி!"

வெள்ளைத் துணியைப் பாழாக்கிவிட்டதற்குத்தான் அடி என்று நினைத்தேன். கரையைப் பிரித்து வேறு துணி கட்ட நேரமில்லை. மஞ்சள் கறை லேசில் போகாது என்பதும் தெரியும். அத்தையின் மூன்று வாரத்தை ஒரு விரலால் கெடுத்துவிட்டேனே என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மா சோப்பை எடுத்துக்கொண்டு ஓடிவந்தபோது அத்தையும் ஈரத்தலையோடு வந்துவிட்டாள்.

அவள் அந்த மூலையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். மஞ்சள் இன்னும் காயாமல் இருந்தது. அதன்மேல் லேசாக விரலை வைத்து எடுத்தாள்.

"வுடு, நான் கழுவிட்றேன்," என்றாள் அம்மா. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"வாணாம் அண்ணி. புதுத்துணிதானே, இருக்கட்டும்."

அப்படியே மாடிக்கு எடுத்துப் போனாள். படம் ஐந்தரைக்கெல்லாம் போய்விட்டது.

பரிசு வரவில்லை. மூலையில் அது என்ன என்று குழுவில் யாரோ கேட்டிருந்தார்கள். எங்கள் வீட்டு வழக்கம் என்று அத்தை பதில் போட்டாள். அடுத்த போட்டிக்குத் தலைப்பு மழை என்று வந்ததும் அன்றைக்கே நீலத் துணிகளைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தத் தீபாவளிக்கு அம்மா எல்லோருடைய துணிக்கும் மஞ்சள் வைத்துவிட்டு, அத்தையின் புடவையை மட்டும் தனியாக எடுத்து வைத்தாள். அத்தை அதைப் பிரித்து, முந்தானையை என் முன்னால் நீட்டினாள்.

"உன் கைதான் ராசி. வைடி."

வைத்தேன். அம்மா தடுக்கவில்லை. சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் வெளியே வரவேயில்லை. பலகாரம் கருகுகிறதோ என்று நினைத்தேன். மஞ்சள் விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போட்டியில் தோற்ற பிறகும் அத்தை என் கையைத்தான் ராசி என்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.