சாவியில் தொங்கிய பாட்டு

மாத்தளைக்கு வடக்கே நாலந்தாவில் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் அன்று இருந்தவர்கள் இவர்கள். பாட்டுக்காரன், என் கூட்டாளி. அவன் மனைவி. மாத்தளை டவுனில் பைக் சாமான் கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், நானா என்போம். அரசாங்கக் கந்தோரில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து ஐயா. வில்கமுவையிலிருந்து வந்த சிங்கள அண்ணன் தம்பி, வயல்காரர்கள். ஜப்பான் பைக் வைத்திருக்கும் பெயர் தெரியாத ஆட்கள், கடை நிறைய. கடைசியாக நான். இந்தியன் பைக் என்னுடையது மட்டும்தான்.

போயா நாள், பௌர்ணமி லீவு. ஒவ்வொரு போயாவுக்கும் ஜப்பான் பைக் ஆட்கள் மாத்தளைப் பக்கமிருந்து கூட்டமாக ஓடி வருவார்கள். எல்லோருக்கும் ஒரே கம்பெனி பைக். பழையதுதான், ஆனால் விற்கமாட்டார்கள். வேறு பைக் வந்தால் நிறுத்த இடம் விடமாட்டார்கள். வாயால் ஒன்றும் சொல்வதில்லை. தங்கள் பைக்கைக் கொஞ்சம் அகலமாகச் சாய்த்து வைப்பார்கள், அவ்வளவுதான். நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம், குப்பை போடும் இடத்தில் நிறுத்தினேன்.

நானும் பாட்டுக்காரனும் சின்ன வயதிலிருந்து கோயில் திருவிழாவிலும் கலியாண வீட்டிலும் சேர்ந்து பாடியவர்கள். அவன் குரல் மேலே, என் குரல் கீழே. மெட்டுக் கட்டுவது இரண்டு பேரும். பிறகு நான் மிளகுக் கடையில் மூட்டை தூக்கப் போனேன். அவன் போனில் பாட்டுப் பதியப் பழகினான்.

நான் என் பாட்டை இன்டர்நெட்டில் சும்மா போட்டேன். வீட்டு ஆட்கள் கேட்டார்கள். அதோடு சரி.

அவன் அப்படிப் போடவில்லை. பைக் பாட்டு ஒன்று கட்டினான். கட்டினோம். அதை எங்கேயும் போடாமல் சாவியில் தொங்கவிடும் கீ டேக் அடித்தான். ஒரு பக்கம் ஜப்பான் பைக் படம். மறுபக்கம் கறுப்புக் கட்டம். போனை அதன் மேல் பிடித்தால் பாட்டு வரும். டேக் இல்லாதவனுக்குப் பாட்டு இல்லை. விலை ஐந்நூறு ரூபாய். அதிலும் ஒரு சட்டம் வைத்தான். ஜப்பான் பைக் சாவியைக் காட்ட வேண்டும். பணம் மட்டும் நீட்டினால் தரமாட்டான். சாவியைக் காட்டச் சொன்னதும் அவர்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. பாட்டே கேட்காதவர்களும் வாங்கினார்கள். இந்த மூளை எனக்கு வரவில்லையே என்று இருந்தது.

விற்கும்போது நானும் பக்கத்தில் நிற்கட்டுமா என்று கேட்டேன். "நீ அந்த பைக்குல வந்து நின்னா ஒருத்தனும் வாங்க மாட்டான் மச்சான். கோவிச்சுக்காத" என்றான். கீழ்க்குரலையும் அவனே பாடிவிட்டிருந்தான். நான் கோபிக்கவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் இல்லை. பைக்கை மாற்றலாமே என்றாள் என் மனைவி. மாற்றவில்லை. எந்த மழையிலும் என்னை நடுவழியில் விட்ட பைக் இல்லை அது.

அந்தப் பாட்டில் என்னுடையதாக ஒன்றுதான் மிஞ்சியது. தொடக்கத்தில் வரும் என்ஜின் சத்தம். பதிந்த அன்று அவனுடைய ஜப்பான் பைக்கின் கார்பரேட்டர் கழற்றிக் கிடந்தது. சுவரில் மெத்தையைச் சாய்த்து என் பைக்கைக் கிளப்பினோம். என் செயின் கவரில் ஒரு ஆணி தளர்ந்து டக் டக் என்று தட்டும். அதுவும் பதிந்திருக்கிறது. பிறகு தன் பைக்கில் மறுபடி எடுக்கிறேன் என்றான். எடுக்கவில்லை.

அன்று கடைக்கு முன்னால் ஸ்பீக்கரில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். என்ஜின் சத்தம் வந்ததும் யாழ்ப்பாணத்து ஐயா கையைத் தூக்கி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இதைக் கேட்டியளே? ஜப்பான்காரன்ர இரும்பு. ஆயிரம் பைக்குக்குள்ளயும் நான் இதைக் கண்டுபிடிப்பன்."

நானா தலையாட்டினார். வில்கமுவக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது. பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. அந்தச் சத்தத்துக்காகவே வாங்கினார்கள். அண்ணன்காரன் பாட்டுக்காரன் கையைப் பிடித்துக் குலுக்கினான். விடவேயில்லை. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டுக்காரன் மனைவி டேக்குகளை விரலில் கோத்து ஆட்டிக்கொண்டு நடந்தாள். காலில் புதுச் செருப்பு.

"அது என் பைக் சத்தம்" என்றேன்.

யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். நானா திரும்பினார்.

"என்ன தம்பி, ஒடம்புக்கு சொகமில்லையா?"

நான் ரோட்டைக் கடந்து போய்ப் பைக்கைக் கிளப்பினேன். டக் டக். பாட்டில் வரும் அதே தட்டல். ஐயா வந்து குனிந்து கேட்டார். நியாயமான மனிதர், அவசரப்படவில்லை. பிறகு நிமிர்ந்தார்.

"தம்பி, இது தகரம் ஆடுற சத்தம். எங்கட பாட்டில வாறது என்ஜின்."

சிரித்தார்கள். நானா சிங்களத்தில் எடுத்துச் சொன்னதும் வில்கமுவக்காரர்கள் பிந்திச் சிரித்தார்கள்.

பாட்டுக்காரன் மறைப்பான் என்று நினைத்தேன். மறைத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் முன்னால் வந்து நின்றான்.

"அவன் சொல்றது உண்மைதாங்க. அவன் பைக்லதான் எடுத்தோம். என்னோடது அன்னைக்கு ஓடல."

அவன் மனைவியின் விரலில் டேக்குகள் ஆடாமல் நின்றன. இதோடு அவன் வியாபாரம் முடிந்தது என்று நினைத்தேன். சந்தோசமாகத்தான் இருந்தது.

நானா அவன் தோளில் கை போட்டார். "கூட்டாளி மானத்தக் காப்பாத்த இப்படி ஒரு பொய் சொல்றீங்களே தம்பி. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்வான்."

மனிதன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார் ஐயா. ஊரில் இருக்கும் தம்பிமாருக்கும் டேக் வேண்டுமென்று ஒரே சாவியைத் திரும்பத் திரும்பக் காட்டினார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். இல்லைங்க, உண்மையைத்தான் சொல்றேன் என்று பாட்டுக்காரன் சொல்லிக்கொண்டே கொடுத்தான். அவன் சொல்லச் சொல்ல வாங்கினார்கள். நான் பொய் சொன்னாலும் உண்மை சொன்னாலும் எனக்கு இப்படி ஒருவரும் கை நீட்டியதில்லை.

பாட்டுக்காரன் எனக்கு ஒரு தேத்தண்ணி அனுப்பினான். குடித்தேன்.

அவன் மனைவி வெறும் விரலை நீவிக்கொண்டு, அன்று விற்ற டேக் எத்தனை என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

நாற்பத்து மூன்று.