நான் கிழித்த நோட்டீஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், வெசாக் பண்டிகை முடிந்த வாரம். மரக்கறி வாங்க வத்தேகம சந்தைக்குப் போயிருந்தேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கடைச் சுவரில் என் மகனின் படம் போட்ட ஒரு நோட்டீஸ். எழுத்து எனக்கு அவ்வளவாக ஓடாது. அடியில் பேங்க் நம்பர் இருந்தது மட்டும் தெரிந்தது.

மகனுக்கு நாற்பது வயது. தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகப் பலம் இழக்கிற நோய். மருந்தால் நிறுத்த முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யார் கேட்டாலும் முழங்கால் வலி என்றுதான் நான் சொல்லி வந்தேன். நான் தேயிலைக் கொழுந்து பறித்து வளர்த்த பிள்ளை. எவரிடமும் கை நீட்டியதில்லை. அவன் படத்தைப் போட்டு யாரோ பிச்சை கேட்கிறார்கள் என்று கொதித்துப்போய் நோட்டீஸைப் பிய்த்துவிட்டேன்.

கடைக்காரர் வெளியே வந்தார். முஸ்லிம் மனிதர், என் மகன் வயதிருக்கும். சத்தம் போடவில்லை. உட்காரச் சொல்லி ஒரு கதிரையை எடுத்துப் போட்டார். என் மகன் படத்தை இங்கே எவன் ஒட்டினான் என்று அதட்டினேன்.

“ஒங்கட மகன்தான்ம்மா ஒட்டினாரு. பசை வாளிய நான் புடிச்சிக்கிட்டு நின்டேன். வாசிக்கவா?”

கிழிசல்களைச் சேர்த்துப் பிடித்து மெதுவாக வாசித்தார். “நான் குடித்துவிட்டுத் தள்ளாடவில்லை. என் தசைகள் பலம் இழந்து வருகின்றன. பஸ்ஸில் ஏற எனக்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.”

குடிகாரன் என்று நினைத்து அவனை பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டார்களாம். அதையும் கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தேன். முழங்கால் என்று நான் மூடி மறைத்ததால் ஊருக்கு உண்மை தெரியாமல் போயிற்று. அந்த பேங்க் நம்பர், தெல்தெனியவில் அதே நோயுள்ள ஒரு பெண்பிள்ளைக்கு பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலி வண்டி வாங்க. தனக்கென்று ஒரு சதம் அவன் கேட்கவில்லை.

வேறு நோட்டீஸ் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு கட்டே எடுத்துத் தந்தார். அவர் சுவரிலேயே முதலில் ஒட்டினேன். பிறகு கடை கடையாக ஏறி, அவனுக்கு என்ன நோய் என்று என் வாயாலேயே சொன்னேன். கிழித்ததையும் மகனிடம் மறைக்கவில்லை.

“பரவால்லம்மா, ஒட்டுனதையாவது நேரா ஒட்டுனீங்களா?” என்று சிரித்தான்.

மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளைக்கு வண்டி கிடைத்தது. இப்போது மகனைக் கண்டால் கண்டக்டர் இறங்கி வந்து, பஸ்ஸில் ஏறக் கை கொடுக்கிறார். ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் என் கண்ணைத் திறந்துவிட்ட அந்தக் கடைக்காரரை நினைக்காமல் நான் சாமிக்கு விளக்கேற்றுவதில்லை.