எங்கள் தெருவில் அப்படி யாரும் இல்லை

என்னைப் பற்றி விசாரிக்க வந்த போலீஸ்காரரை நானே சந்தேகப்பட்டுப் பின்தொடர்ந்தேன். துப்பறியும் வேலைக்கு மனுப் போட்டிருந்தவன் என்கிற முறையில் இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

விரல்ரேகைப் பிரிவுக்கு நேரடியாக எஸ்.ஐ. எடுத்தார்கள். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து, கருட சேவைக் கூட்டத்தில் மிதிபட்டு, படிப்படியாக மேலே வர வேண்டாம். அறிவியல் பட்டமும் பரீட்சையும் போதும், நேரே போய்த் துப்புத் துலக்கலாம். என்னிடம் வேதியியல் பட்டம் சும்மா கிடந்தது. எழுதினேன், நேர்முகத்திலும் தேறிவிட்டேன். வயது வரம்பில் அதுதான் எனக்குக் கடைசி வாய்ப்பு. மிச்சம் இருந்தது நன்னடத்தை விசாரணை ஒன்றுதான். ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வருவார், நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேனா, ஆள் எப்படி என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதுவார். காக்கிச் சட்டையில், மோட்டார் சைக்கிளில் வருவார் என்று நானாக முடிவு செய்துகொண்டு வாசலையே பார்த்தபடி இருந்தேன்.

வந்தவர் கட்டம் போட்ட சட்டையில் நடந்து வந்தார்.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு தறியாவது இருக்கும். புதுக் கரை டிசைன் தறியில் ஏறிவிட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் நெய்வார்கள். யாராவது செல்போனில் படம் பிடித்துப் போனால் பதினைந்தே நாளில் அதே கரை விசைத்தறிப் புடவையில் வந்து பல்லைக் காட்டும். அப்போது அப்பாவின் தறியில் ஓடிக்கொண்டிருந்தது அப்படியொரு புது டிசைன். கட்டம் போட்ட சட்டைக்காரரோ ஒவ்வொரு வாசலிலும் நின்று எட்டிப் பார்த்தார். செல்போனைத் தூக்கிப் படம் எடுத்தார். நோட்டில் ஏதோ குறித்தார். கதவு எண்ணைத் தேடுகிறார் என்று சாதாரண மனிதனுக்குத் தோன்றியிருக்கும். நான் துப்பறிபவன் ஆயிற்றே!

புழக்கடை வழியாக வீடு வீடாக ஓடினேன். "டிசைன் திருட ஆள் வந்துக்கீறான். யார் வூட்டைக் கேட்டாலும், யாரைக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடுங்க."

ஒரே ஒரு வீட்டுக்குள் மட்டும் போகவில்லை. மூன்றாவது வீட்டு அக்காவுக்கும் எனக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மூன்று மாதத்துக்கு முன், ரேகை எடுத்துப் பழகுகிறேன் என்று அவர்களுடைய புதுக் கதவில் கரித்தூளைத் தூவியிருந்தேன். ரேகை வரவில்லை. தூள்தான் காற்றில் பறந்து போய், உள்ளே காயப்போட்டிருந்த வெள்ளைப் பட்டு நூலில் உட்கார்ந்தது. அந்த அக்கா என்னைத் திட்டியதை அடுத்த தெருவில் நின்று கேட்டார்களாம்.

என் ஏற்பாடு கச்சிதமாக வேலை செய்தது. மூன்றாவது வீட்டில் மட்டும், தறிச் சத்தத்தில் அவர் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. அவர் ஒவ்வொருவரிடமும் ஏதோ கேட்பதும், ஒவ்வொருவரும் உதட்டைப் பிதுக்குவதும் தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில் அவர் சலித்துப்போய் முனை டீக்கடைக்குப் போனார். நான் விடுவேனா? எதிரில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, கழலாத செயினைக் கழற்றி மாட்டுவதுபோல் உட்கார்ந்தேன். பத்து விரலும் கிரீஸ்.

அவர் ஒரு தாளைப் பார்த்து செல்போனில் எண்ணை அழுத்தினார். என் சட்டைப் பையில் பாட்டு அடித்தது.

அவர் என்னைப் பார்த்தார். நான் செயினைப் பார்த்தேன். பாட்டு நிற்கவில்லை.

"எடுங்க தம்பி, நான்தான் பேசறேன்" என்றார். "அரை மணி நேரமா என் பின்னாலதான சுத்தினு கீறீங்க?"

அவர்தான் என்னை விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்று தெரிந்ததும் எனக்குச் சைக்கிளோடு சேர்ந்து பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. பதற்றத்தில் அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தேன். பெயருக்குப் பக்கத்திலேயே என் கறுப்புக் கட்டைவிரல் பதிந்தது. கதவில் கரித்தூள் போட்டும் வராத ரேகை, இங்கே அவ்வளவு தெளிவாக வந்தது.

"தெரு பூரா அப்பிடி ஆளே இல்லன்னு சொல்றாங்கப்பா. நான் இன்னா எழுதறது?"

"வாங்க சார், நானே கூட வரேன்."

தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி, இழை ஒதுக்கிக்கொண்டிருந்தவரிடம் முதலில் போனோம். என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்.

"அண்ணே, நான் யாருன்னு சார்கிட்ட சொல்லுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "தெரியலியே. யாரு தம்பி நீ? ஐயம்பேட்டையா?"

"அண்ணே, இவரு போலீஸ்ணே. நெசமா."

"ஓஹோ, போலீஸா!" என்று சொல்லிவிட்டு எனக்கு மட்டும் கண்ணடித்தார். நான் மிரட்டலுக்குப் பயந்து பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார். அடுத்த வீட்டில் இன்னும் ஒரு படி மேலே போய், "இந்த மூஞ்ச நாங்க பாத்ததே இல்ல சார்" என்று சூடம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். எங்கள் தெரு இவ்வளவு விசுவாசமானது என்று அதுவரை எனக்குத் தெரியாது. போலீஸ்காரர் பேனாவை மூடினார். "நீங்க நெசமாவே இந்தத் தெருதானா?" என்று என்னையே சந்தேகமாகக் கேட்டார்.

எனக்கே லேசாகச் சந்தேகம் வந்தது.

அப்போது மூன்றாவது வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. அக்கா வாசலுக்கு வந்தார். "இவனா? இவன எனக்கு நல்லாத் தெரியும் சார். இன்னா பண்ணிட்டான்?" முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்.

"வேலைக்கு எடுக்கறாங்கம்மா. நடத்தை எப்பிடின்னு கேக்கணும்."

அக்கா கதவைப் பார்த்தார். மூலையில் கரித்தூள் கறை இன்னும் போகவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். "இவன அந்தாண்ட போகச் சொல்லுங்க சார். உள்ள வந்து உக்காருங்க, வெவரமா சொல்றேன்."

கதவு சாத்தப்பட்டது. நான் பாவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன். கண்ணடித்த அண்ணன் கிட்டே வந்து, "காட்டிக் குடுத்துட்டாளா பாவி?" என்று கிசுகிசுத்தார். உள்ளே அக்காவின் குரல் விடாமல் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. நடுவில் போலீஸ்காரர் ஒருமுறை சத்தமாகச் சிரித்தார். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா? வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் இல்லை. "வரேன் தம்பி" என்று போய்விட்டார்.

அதன் பிறகு தினமும் அக்காவின் முகத்தில் துப்புத் தேடினேன். அவர் குடத்தோடு போனால் சந்தேகம், பாட்டு முணுமுணுத்தால் இன்னும் சந்தேகம். என் வேலை அந்த ஒரு வாயில் இருந்தது. அந்த வாயோ என்னைப் பார்த்தாலே மூடிக்கொண்டது.

ஒரு வழியாக வேலைக்கான ஆணை வந்தது. ஸ்வீட் பெட்டியோடு அந்தக் கதவைத் தட்டினேன்.

"அக்கா, அன்னிக்கு இன்னாதான் சொன்ன?"

பெட்டியைப் பிரித்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். நிதானமாக மென்றார்.

"கண்டுபுடி. அதுக்குத்தான உன்ன எடுத்துக்கீறாங்க?"

வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.