கடலுக்குப் போய்த் தூங்குகிறவர்

நிதானம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வேன் ஓட்டி ஓட்டி வாங்கிய பெயர். மலையிறங்கிக் கடலோரமாகவே போகும் அந்த அழகான சாலையில் சுற்றுலாக் கூட்டங்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர் பிழைப்பு. எந்த வளைவில் ஹாரன் அடிக்க வேண்டும், எந்த இறக்கத்தில் இரண்டாவது கியர், எந்தத் திருப்பத்தில் பின்சீட்டுக்காரர்களுக்கு வாந்தி வரும் என்பதெல்லாம் அத்துப்படி. கடல் என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் தலையைச் சொறிவார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திரும்பி ஓட்டுகிறவன் தூங்கியாக வேண்டும், அது அந்தத் தொழிலின் சட்டம். கூட்டம் கரையில் இறங்கிக் கூத்தடிக்கும்போது நிதானம் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, சீட்டைச் சாய்த்து, முகத்தில் துண்டைப் போட்டுக்கொள்வார். அடுத்த நிமிடம் குறட்டை.

இடம் காலியாக இருக்கும் நாட்களில் மனைவியையும் ஏற்றிக்கொண்டு போவதுண்டு. அவளும் முகம் தெரியாத பெண்களோடு நின்று காலை நனைத்துவிட்டு வருவாள். எத்தனை நாளைக்குத்தான் பொறுப்பாள்? இந்த வருடம் ஒற்றைக்காலில் நின்றாள்.

“இந்தத் தடவை தம்பி ஓட்டட்டும். நீங்க எம் பக்கத்துல உக்காந்து வாங்க. கடல்லயும் பக்கத்துல நில்லுங்க. ஒரே ஒரு நாள்தான் கேக்கறேன்.”

அவள் தம்பியும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன்தான். நிதானம் பெரிய மனது பண்ணிச் சாவியைக் கொடுத்தார். மூன்று பேரும் கிளம்பினார்கள்.

தெருமுனை தாண்டவில்லை, ஆரம்பித்துவிட்டார். “கியரைக் குறை மாப்ளே.” “அந்த சைக்கிள்காரன் ஒரு மாதிரி வரான், பாத்து.” மலையிறக்கம் வந்ததும் வாயோடு வலது காலும் சேர்ந்துகொண்டது. மைத்துனன் முன்னால் ஒரு பிரேக் போட்டால் இவர் நடுச்சீட்டில் இரண்டு பிரேக் போட்டார். தரைவிரிப்பு கிழியாதது அந்த விரிப்பின் நல்ல காலம்.

பாதி இறக்கத்தில் மைத்துனன் வண்டியை ஓரங்கட்டினான். இறங்கிவந்து சாவியை நீட்டினான்.

“மாமா, நீங்களே ஓட்டுங்க. நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சா நீங்க எம் உயிரை வாங்கறீங்க.”

கொஞ்சமாவது வெட்கப்பட வேண்டாமா மனுஷன்? பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். மனைவி எழுந்து முன்சீட்டில் வந்து உட்கார்ந்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

கரை வந்தது. மைத்துனன் சட்டையைக் கழற்றிக்கொண்டு தண்ணீருக்கு ஓடினான். நிதானம் கல்லை வைத்தார், சீட்டைச் சாய்த்தார், துண்டைப் போட்டார். பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் மட்டும் கேட்கவில்லை.

“நீ இறங்கல?”

“இல்ல.”

“கடல் பாக்கணும்னுதானே வந்த?”

“கடல் பாக்க ஆசைன்னு நான் எப்பங்க சொன்னேன்? உங்களோட நிக்கணும்னுதான் ஆசை. அதுதான் இல்லேன்னு ஆயிடுச்சே. தூங்குங்க, திரும்பி ஓட்டணும்ல.”

கோபமே இல்லாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, அவர் கண்ணில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டாள். அதுதான் அவரை அறுத்தது. சண்டை போட்டிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

தூக்கம் வரவில்லை. இறங்கிப் போனால் தூங்க முடியாது. தூங்காவிட்டால் ஸ்டீரிங்கைத் தொடக் கூடாது. அப்புறம் அத்தனை வளைவும் மைத்துனன் கையில். கொஞ்ச நேரம் புரண்டார். பிறகு எழுந்து, செருப்பைக் கழற்றிச் சீட்டுக்கடியில் போட்டார்.

“வா.”

முதல் அலைக்கே அவள் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். “ஏய், காலுக்கடியில தரையே நிக்கமாட்டேங்குது.”

“எங்கயும் போகாது. நல்லா ஊன்றி நில்லுங்க.” சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது, அவர் கையை விடவில்லை. மைத்துனன் வந்து பசிக்கிறது என்று கெஞ்சிய பிறகுதான் இருவரும் கரையேறினார்கள்.

சாவியை அவரே எடுத்துக் கொடுத்தார். “ஓட்டு மாப்ளே. நான் வாயைத் திறக்கல.”

திறக்கவில்லைதான். முதல் இரண்டு வளைவுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவதில் தலை மனைவியின் தோளில் சாய்ந்தது. அப்புறம் குறட்டைதான். வேன் ஓடும்போது அவர் தூங்கி அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. தோள் மரத்துப்போயும் அவள் அசையவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குத் தெருவுக்குள் வந்தார்கள். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மைத்துனன் திரும்பிப் பார்த்தான்.

“அக்கா, வீடு வந்தாச்சு. மாமாவை எழுப்பு.”

அவள் கணவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு தணிந்த குரலில் சொன்னாள்.

“எழுப்பாதே. வண்டியைத் திருப்பு. இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வரலாம்.”