கிளட்ச் மிதித்த கால்

டவுன் பஸ் ஓட்டும் அவளுக்கு டிப்போவில் ‘ஆமையக்கா’ என்று பெயர். வேகமாக ஓட்டத் தெரியாதவள் இல்லை. நின்றுகொண்டு வரும் ஒருவர்கூடத் தடுமாறக் கூடாது என்பது அவள் பிடிவாதம். பின்னால் வருகிறவர்கள் ஹாரனை அலறவிட்டால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். கேலிப்பெயர் வைத்த டிரைவர்களே தங்கள் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சிகளை அவள் வண்டியில்தான் ஏற்றிவிடுவார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வந்தது. கதிர்வீச்சு, மருந்து என்று படாத பாடு பட்டு மீண்டு, மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

இப்போது இடது கால் வலித்தது. கிளட்ச் மிதிக்கிற கால். நாள் முழுக்க மிதித்தால் வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்தாள். மெக்கானிக்கிடம் சண்டை போட்டு கிளட்சை இளக்கிக்கொண்டாள். வலி அசைந்து கொடுக்கவில்லை. ஒரு நாள் இடது செருப்பு மட்டும் காலில் ஏற மறுத்தது. கால் வீங்கியிருப்பதை முதலில் பார்த்தவர் எலக்ட்ரீஷியனான அவள் கணவர்தான்.

பழைய டாக்டரம்மாவிடம் போனார்கள். எம்ஆர்ஐ படத்தில் இடுப்பெலும்பின் உட்புறம், இடது ஓரமாக, காலுக்குப் போகும் நரம்பை அழுத்தியபடி ஏதோ தடித்திருந்தது. கதிர்வீச்சு விட்டுப்போன தழும்பா, நோய் திரும்பிவிட்டதா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சர்க்கரை போன்ற மருந்தில் கொஞ்சம் கதிரியக்கம் சேர்த்து ஊசி போடுவார்கள், நோய் இருக்கும் இடம் அதை அள்ளிக் குடித்துவிட்டுப் படத்தில் ஒளிரும், தழும்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும் என்று விளக்கினார்.

மகளுக்கு அது எட்டாம் மாதம். அவளிடம் மூச்சுவிடக் கூடாது என்று கணவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

வெறும் வயிற்றோடு போனாள். ஊசி போட்டபின், அரையிருட்டான சின்ன அறையில் பேசாமல் அசையாமல் படுக்கவைத்தார்கள். தசை வேலை செய்தால் அதுவும் ஒளிருமாம். வாழ்நாளில் அவ்வளவு நேரம் அவள் கால்கள் சும்மா இருந்ததில்லை. எல்லாம் முடிந்து கிளம்பும்போது, இன்று முழுக்கக் கர்ப்பிணிகள், குழந்தைகள் பக்கத்தில் போகாதீர்கள் என்று நர்ஸ் சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறத் தொடங்கியவளை மேலிருந்து அம்மா தடுத்தாள்.

“அங்கயே நில்லு. மேல வராத.”

“ஏம்மா?”

ஒரு பொய்கூட வாயில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குக் கேட்காதபடி சுருக்கமாகச் சொன்னாள். மகள் கீழ்ப்படியில் மெல்ல உட்கார்ந்தாள்.

“எனக்குத்தான் கடைசியா சொல்லுவீங்களா?” என்றாள் நிமிராமலே.

அம்மாவும் மேல்படியில் உட்கார்ந்துவிட்டாள். நடுவே ஒரு மாடி உயரம். இறங்கிப்போய் அந்தத் தலையைத் தடவிக்கொடுக்க முடியாததுதான் ஊசியைவிட வலித்தது. இருட்டும்வரை இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் கணவர் முந்திக்கொண்டு உள்ளே நுழைந்தார். எதுவானாலும் தன்னிடம் மட்டும் சொல்லும்படி டாக்டரம்மாவிடம் கெஞ்சினார். அவள் பின்னாலேயே வந்து நின்றிருந்தாள்.

“ஏங்க, வண்டி ஓட்டுறவ நான். எதுர என்ன வருதுன்னு எனக்குத் தெரிய வேணாமா?”

அவர் ஒதுங்கி உட்கார்ந்தார். டாக்டரம்மா திரையை அவள் பக்கம் திருப்பினார். அடிவயிற்றில் பளிச்சென்று ஒன்று எரிவதைப் பார்த்து, இதுதானா என்று விரலை நீட்டினாள். அது மூத்திரப்பை, எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. பிறகு இடது ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளியைக் காட்டினார். நுரையீரலிலோ ஈரலிலோ ஒன்றுமில்லை. புண்ணும் அழற்சியும்கூட இப்படி ஒளிரும் என்பதால், அந்த இடத்தில் ஊசியால் துளி சதை எடுத்துச் சோதித்தார்கள். அடுத்த வாரம் முடிவு வந்தது, நோய்தான்.

“முழுசா போயிடுமா டாக்டர்?”

“போயிடும்னு சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஒரே எடத்துல இருக்கு. பிடிச்சு நிறுத்தப் பாக்கலாம்.”

நிறுத்தத்தான் செய்தார்கள். அந்தப் புள்ளியை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சினார்கள், மருந்தும் ஏற்றினார்கள். கால் வீக்கம் வடிந்தது. பேத்தி பிறந்தாள். டிரைவர் சீட்டுக்குத் திரும்ப முடியாவிட்டாலும் டிப்போவின் நேரக் காப்பாளர் அறையில் உட்கார்ந்து, வேகமாக வந்து நிற்கும் டிரைவர்களை வாயாலேயே வறுத்தெடுத்தாள். அடுத்த ஸ்கேனில் புள்ளி மங்கியிருந்தது. அதற்கடுத்ததிலும் அப்படித்தான். பேத்தி ஓடத் தொடங்கிய வருஷம் நுரையீரலில் இரண்டு புதிய புள்ளிகள் தெரிந்தன. அதையும் திரையில் தானே பார்த்தாள்.

கடைசி மாதங்களில் வலிக்கு மட்டும் மருந்து கேட்டாள். கணவர் சமைக்கக் கற்றுக்கொண்டார். உப்பு தூக்கல் என்று படுக்கையிலிருந்தபடியே குறை சொல்லிவிட்டு, கொடுத்ததில் பாதியாவது சாப்பிட்டாள். மழை விட்டிருந்த ஒரு காலையில், அவர் கஞ்சி ஆற்றிக்கொண்டு வருவதற்குள் போய்விட்டாள்.